காலிக் கோட்டைக்குப் போகுமுன்

அன்புள்ள மகளுக்கு,

டிசம்பர் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு இலங்கைத் தென்கரையின் காலி நகருக்குப் போகப் போவதாக எழுதியிருந்தாய். நல்ல மாதம்தான். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தக் கடல் சீறும்.

கோட்டைக்கு வருகிறவர்கள் செய்கிற பிழை ஒன்றுதான். பதினொரு மணிக்கு வந்து இறங்கி நேரே மதிலில் ஏறுவார்கள். அரை மணியில் வெயில் தாங்காமல் இறங்கிவிடுவார்கள். மேலே ஒதுங்க நிழலே இல்லை. காலையில் தெருக்களைப் பாருங்கள், மதிலைப் பின்னேரம் நாலரைக்குப் பிறகு வையுங்கள்.

ரயிலில் போவதென்றால் கொழும்பு கோட்டை ஸ்டேஷனில் ஏறாதே. தெற்கே போகும் பல ரயில்கள் மருதானையில்தான் புறப்படும். அங்கே ஏறினால் இடம் பிடிக்கலாம். வலது பக்க ஜன்னல்தான் கடல் பக்கம், திரும்பும்போது இடது. இரண்டு, இரண்டரை மணி நேரப் பயணம். காலியில் இறங்கியதும் முதல் வேலையாகப் பின்னேர ரயில் நேரங்களைக் கேட்டு எழுதிக்கொள். இருட்டிய பிறகு வண்டி அதிகம் இராது. தவறினால் பஸ் நிலையத்திலிருந்து கொழும்புக்குப் பக்கத்து மாகும்புரவுக்கு அதிவேகப் பாதை பஸ் இருக்கிறது.

ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடைதான், ஓட்டோ தேவையில்லை. உள்ளே போக டிக்கெட்டும் இல்லை. மணிக்கூட்டுக் கோபுரத்தின் பக்கம் தெரிகிற பெரிய வாசல் 1873இல் ஆங்கிலேயர் திறந்தது. அதை விட்டுவிட்டுத் துறைமுகப் பக்கத்துப் பழைய வாசலால் போங்கள். வெளி முகத்தில் பிரித்தானிய அரச சின்னம் இருக்கும். உள்ளே போய்த் திரும்பி அண்ணாந்து பார்த்தால் ஒல்லாந்த (டச்சு) கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னம்: இரண்டு சிங்கங்கள், மேலே ஒரு சேவல், 1669 என்ற ஆண்டு ரோம எண்ணில். திரும்பிப் பார்க்காமல் நடக்கிறவர்கள் பாதிப்பேர்.

1755இல் கட்டி முடித்த ஒல்லாந்தத் தேவாலயத்தில் நிலத்தைப் பாருங்கள், முழுவதும் கல்லறைக் கற்கள் பதித்திருக்கும். வெளிச்சவீட்டுக்கு எதிரே உள்ள மீரான் பள்ளிவாசல் தூரத்திலிருந்து தேவாலயம் போலவே தெரியும். தொழுகை நேரம் தவிர்த்து, தோளும் முழங்காலும் மூடிய உடுப்போடு, கேட்டுவிட்டுப் போ. தெருவில் கல் விற்க வருவோரிடம் நின்று பேசாதே; சான்றிதழ் இல்லாத இரத்தினக்கல் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

மதிலில் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஏறு. இந்தத் தரைப் பக்கம்தான் மிகப் பருமன். சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று மூன்று பெரும் கொத்தளங்கள். போர்த்துக்கேயர் 1588இல் இந்தப் பக்கத்தையே அரண் செய்தார்கள், கடல் பக்கத்தைக் கடலே காக்கும் என்று விட்டுவிட்டார்கள். 1640இல் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் சுற்றிவர மதில் எழுப்பினார்கள். கீழே தெரிகிற கிரிக்கெட் மைதானத்தில்தான் 2010 ஜூலையில் முரளிதரன் 800ஆவது விக்கெட்டை எடுத்தார். உன் மகனுக்குச் சொல், அவன் அங்கேயே நின்றுவிடுவான்.

பிறகு கடலை வலது கைப்பக்கம் வைத்து மேற்கு மதிலால் நடந்தால், சூரியன் மறையும் நேரத்தில் கொடிப்பாறையடியில் இருப்பீர்கள். அதற்கு அப்பால் 1939இல் கட்டிய வெளிச்சவீடு. அவசரப்படாமல் நடந்தால் ஒன்றரை மணி நேரம். பல இடங்களில் விளிம்பில் கம்பியோ சுவரோ கிடையாது, நனைந்த கல் வழுக்கும். சின்னவளின் கையை விடாதே, செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள சப்பாத்துப் போடு. கொடிப்பாறையிலிருந்து கடலில் குதித்துக் காட்டுகிற பையன்களுக்கு எங்கே பாறை இருக்கிறதென்று தெரியும். உன் மகனுக்குத் தெரியாது.

அந்த மதிலின் வேலையை 2004 டிசம்பர் 26இல் கண்டோம். வெளியே பஸ் நிலையத்தையும் மைதானத்தையும் சுனாமி அடித்துப் போனது, கோட்டைக்குள் பெரும்பாலும் தப்பியது. தெருக்களுக்கு அடியில் ஒல்லாந்தர் வைத்த கால்வாய்களும் கெட்டிக்கார வேலை: வற்றுப்பெருக்கில் கடல்நீரே உள்ளே வந்து கழிவை இழுத்துப் போகும்படி அமைத்தார்கள்.

இன்னொன்று. சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்த மும்மொழிக் கல்வெட்டைக் காலியில் தேடாதே. 1911இல் காலியில்தான் கிடைத்தது, அசல் இருப்பது கொழும்பு தேசிய நூதனசாலையில். 1409ஆம் ஆண்டு இடப்பட்ட அந்தக் கல்லில் சீனம் புத்தருக்கும், பாரசீகம் அல்லாஹ்வுக்கும், தமிழ் தேவேந்திரமுனைக் கோயில் தெய்வமான நாயனாருக்கும் காணிக்கை சொல்கின்றன. முதல் நாளே கொழும்பில் அதைப் பார்த்துவிட்டுப் போனால், காலித் துறைமுகத்தில் யார் யார் கப்பல் வந்ததென்று பிள்ளைகளுக்கு விளக்க உனக்குச் சுகம்.

ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், தொப்பி. ஞாயிறும் போயா (பௌர்ணமி விடுமுறை) நாளும் தவிர், உள்ளூர்க் கூட்டம் நிறைந்துவிடும்.

அன்புடன்,
அப்பா