திங்கட்கிழமை ஃபுளோரன்ஸ், ஞாயிற்றுக்கிழமை வாடிகன்: தங்கள் பயணக் கட்டுரைக்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ரோம், ஃபுளோரன்ஸ் இரண்டையும் ஐந்து நாளில் பார்த்துவரும் வழியை நாள்வாரியாகப் பெட்டி கட்டிப் போட்டிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை வாடிகன் அருங்காட்சியகம். திங்கட்கிழமை காலையில் ரோமில் ரயிலேறி ஃபுளோரன்ஸ் போய், உஃபிஸி ஓவியக்கூடமும் மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலையும் பார்த்துவிட்டு இரவே திரும்புவது. படங்கள் அழகாக இருந்தன. ஆனால் வாடிகன் அருங்காட்சியகத்துக்கு ஞாயிறு விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் பகல் வரை இலவசமாகத் திறப்பார்கள். அன்று வரிசை மதில் சுவரைச் சுற்றி நிற்கும். உஃபிஸிக்கும், டேவிட் சிலை இருக்கும் அக்கதேமியா கூடத்துக்கும் திங்கள் விடுமுறை. தங்கள் பெட்டியை அப்படியே பின்பற்றும் வாசகர் இரண்டு நாளும் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார்.

இதைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. நானே பூட்டிய கதவைப் பார்த்தவள். அதுவும் ரயில்வே முன்பதிவு கவுண்டரில் 31 வருடம் உட்கார்ந்து, "தேதியைச் சரியாப் பார்த்து எழுதுங்க சார்" என்று ஊருக்கே சொன்னவள்.

சென்ற ஆண்டு அக்டோபரில் நானும் என் அக்காவும் போனோம். எனக்கு 63, அக்காவுக்கு 68. மகனும் மருமகளும் சேர்த்துக் கொடுத்த பணத்தில் ஏழு இரவு. ரோமில் இறங்கி ரோமிலேயே விமானம் ஏறுவதாக டிக்கெட். எந்த ஊரை முதலில் வைப்பது என்பதில் எனக்கும் மகனுக்கும் ஒரு வாரம் வாக்குவாதம். இறங்கிய ஊரிலேயே தங்கிவிட்டுக் கடைசியில் ஃபுளோரன்ஸ் போகலாம் என்றான் அவன். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஊர் திரும்புகிற நாளில் வேறு ஊரிலிருந்து ரயில் பிடித்து விமானத்தைப் பிடிப்பது நெஞ்சு படபடப்புக்கு வழி. இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி நடக்கும், 'ஷோப்பெரோ' என்பார்கள். முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் நடத்துகிறார்கள் என்றாலும் நாம் ஆறு மாதம் முன்பே போடும் விமான டிக்கெட்டுக்கு அது தெரியாதே. ஆகவே இறங்கிய அன்றே நேராக ஃபுளோரன்ஸ், கடைசி நான்கு இரவு ரோம். இந்தத் தீர்மானம் மட்டும் சரியாக அமைந்தது.

ரயிலைப் பற்றித் தங்கள் கட்டுரை இரண்டே வரியில் முடித்துவிட்டது. எனக்கு அதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது. இரு ஊருக்கும் நடுவே உள்ள அதிவேகப் பாதை சுமார் 254 கிலோமீட்டர். மதுரையில் ஏறினால் விருத்தாசலம் வருவதற்குள் தீர்ந்துபோகிற தூரம். அதை ஒன்றரை மணி நேரத்தில் கடக்கிறார்கள். பாதையின் முதல் பகுதி 1977-லேயே திறந்து, 1992-இல் முழுதாக முடிந்ததாம். அரசு நிறுவனமான திரெனிதாலியாவின் ஃப்ரெச்சாரோசா ரயிலும், இத்தாலோ என்ற தனியார் ரயிலும் அதே தண்டவாளத்தில் போட்டி போட்டு ஓடுகின்றன. கட்டணம் விமானம் மாதிரி ஏறும், இறங்கும். மலிவான டிக்கெட்டில் ஒரு வில்லங்கம் உண்டு: மாற்றவும் முடியாது, ரத்து செய்தால் பணமும் வராது. விமானம் இறங்குகிற நாளுக்கு அந்த டிக்கெட்டை எடுக்கவே கூடாது. நம்மூர் விமானம் மூன்று மணி நேரம் தாமதமானால் ரயில் நமக்காக நிற்காது. அன்றைக்குச் சற்றுக் கூடக் கொடுத்தாவது மாற்றக்கூடிய டிக்கெட் எடுக்க வேண்டும். ஊர் மாறும் மற்றொரு நாளுக்கு மலிவு டிக்கெட் போதும் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கும் அடி விழுந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சென்னையில் சென்ட்ரலுக்குப் போக வேண்டியவர் எழும்பூரில் நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அங்கேயும் அதே கதைதான். ரோமில் டெர்மினி, திபுர்த்தீனா என்று இரண்டு பெரிய நிலையங்கள். ஃபுளோரன்ஸில் ஊருக்குள் இருப்பது சாந்தா மரியா நொவெல்லா. சில ரயில்கள் அங்கே வராமல் காம்போ தி மார்த்தே என்ற வேறு நிலையத்தில் நின்றுவிட்டுப் போய்விடும். டிக்கெட்டில் நிலையத்தின் பெயரை முழுதாகப் படிக்க வேண்டும். பிளாட்பார எண்ணை ரயில் கிளம்ப அரை மணிக்கு முன்பெல்லாம் காட்டமாட்டார்கள். பலகையின் கீழே கூட்டம் கூட்டமாக அண்ணாந்து நிற்கும், எண் விழுந்ததும் ஓடும். 'பினாரியோ' என்றால் பிளாட்பாரம், 'ரித்தார்தோ' என்றால் தாமதம். இந்த இரண்டு சொல் தெரிந்தால் போதும். சாதாரண வட்டார ரயிலில் காகித டிக்கெட்டோடு ஏறுகிறவர்கள் ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்து இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும், மறந்தால் அபராதம். அதிவேக ரயிலுக்கு அது தேவையில்லை, இருக்கை எண்ணே இருக்கும்.

இனி அந்தத் திங்கட்கிழமை.

சனிக்கிழமை மாலை ஃபுளோரன்ஸ் போய்ச் சேர்ந்தோம். ஞாயிறு காலை அக்கதேமியா, முன்பதிவோடு. டேவிட் சிலை ஐந்து மீட்டருக்கும் மேல் உயரம். 1873 வரை ஊர்ச் சதுக்கத்தில் வெயில் மழையில் நின்றதை உள்ளே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். சதுக்கத்தில் இப்போது நிற்பது நகல். அக்கா டேவிட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்ததோடு சரி. அதற்கு முன் நடைபாதையில் பாதி செதுக்கிய 'கைதிகள்' சிலைகள் இருக்கின்றன. உடம்பு பாதி, கல் பாதி. அவற்றின் முன்தான் அரைமணி நேரம் நின்றாள். "பிரசவத்துல பாதியில நின்ன மாதிரி இருக்கு" என்றாள். அவள் 35 வருடம் செவிலியராக இருந்தவள்.

ஞாயிறன்று பேராலயத்தின் உள்ளே சுற்றுலாவினரை விடுவதில்லை என்பதும் அங்கே போன பிறகுதான் தெரிந்தது. வெளியிலிருந்தே குவிமாடத்தைப் பார்த்தோம். 1420-இல் தொடங்கி 1436-இல் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி முடித்தது. மேலே போக 463 படி, லிஃப்ட் கிடையாது. எண்ணிக்கையைக் கேட்டதும் அக்கா கீழிருந்தே கும்பிடு போட்டுவிட்டாள்.

திங்கள் காலை எட்டு மணிக்கு உஃபிஸி வாசலில் போய் நின்றோம். வரிசையே இல்லை. 'சீக்கிரம் வந்ததன் பலன்' என்று பெருமைப்பட்டேன். பக்கத்தில் தெரு கூட்டிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்துச் சுட்டுவிரலை இடமும் வலமும் ஆட்டி, "லுனெதி, க்யூசோ" என்றார். திங்கள், மூடல். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏண்டி, முப்பத்தோரு வருசம் நீ என்னத்தடி ரிசர்வேசன் பாத்த?" மறுநாள் காலை ரோமுக்கு ரயில், அந்த மாற்ற முடியாத மலிவு டிக்கெட். பிற்பகலுக்கு மாற்ற முடிந்திருந்தால் காலையில் உஃபிஸியில் இருக்கும் போத்திசெல்லியின் வீனஸ் ஓவியத்தைப் பார்த்திருக்கலாம். இரண்டு பேருக்கும் மிச்சம் பிடித்த பணம் ஒரு நல்ல சாப்பாட்டுக்குக்கூடக் காணாது.

அன்று பொழுது வீணானது என்று சொல்லமாட்டேன். சாந்தா குரோச்சே தேவாலயத்துக்குப் போனோம். கலிலியோவும் மக்கியவெல்லியும் மைக்கலாஞ்சலோவும் ஒரே கூரையின் கீழ் அடக்கமாகியிருக்கிறார்கள். மைக்கலாஞ்சலோ 1564-இல் இறந்தது ரோமில். உடலை அங்கிருந்து சத்தமில்லாமல் ஃபுளோரன்ஸுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பிறகு பொன்டே வெக்கியோ பாலம். 1345-இல் கட்டியது. 1944-இல் பின்வாங்கிய ஜெர்மன் படை ஆர்னோ ஆற்றின் மற்றப் பாலங்களையெல்லாம் தகர்த்தபோது இது மட்டும் தப்பியது. இருபுறமும் நகைக்கடை. முன்பு கசாப்புக் கடைகள் இருந்தனவாம். நாற்றம் தாங்காமல் 1593-இல் ஆட்சியாளர் அவர்களை அனுப்பிவிட்டுப் பொற்கொல்லர்களை உட்கார வைத்தார். மதுரையில் நகைக்கடைகள் நிறைந்த தெற்காவணி மூல வீதியில் வளர்ந்த அக்காவுக்கு அங்கே கோபம் பாதி தணிந்தது. வாங்கவில்லை, விலை மட்டும் விசாரித்தாள்.

மாலை ஆற்றுக்கு அப்பால் உள்ள மைக்கலாஞ்சலோ திடலுக்குப் பேருந்தில் ஏறிப்போய் சூரியன் மறைவதைப் பார்த்தோம். இறங்கி வரும்போது ஊரே மாறியிருந்தது. பகலில் தோளோடு தோள் உரசிய சந்துகளில் ஆள் நடமாட்டம் குறைந்து, வீட்டு ஜன்னல்களில் விளக்கு எரிந்தது. பகல் கூட்டத்தில் பாதி, காலையில் ரயிலில் வந்து மாலையில் ரயிலில் போகும் கூட்டம். 'ரோமையே தங்குமிடமாக வைத்துக்கொள்ளுங்கள், ஃபுளோரன்ஸ் ஒரே நாளில் போதும்' என்று தாங்கள் எழுதியதை நான் மறுப்பது இதனால்தான். ஒன்றரை மணி நேரப் பயணம் என்பது ரயிலுக்குத்தான். விடுதியிலிருந்து நிலையம், பிளாட்பாரத்துக்குக் காத்திருப்பு, அங்கே இறங்கி நடப்பது, திரும்ப அதே பாடு எல்லாம் சேர்ந்தால் ஐந்து மணி நேரம் கால்வலியிலேயே போய்விடும். ஐந்தே இரவு இருக்கிறவர்கூட ஃபுளோரன்ஸுக்கு இரண்டு இரவு கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாவிட்டால் ரோமோடு நின்றுவிடலாம். இடையில் பீசா கோபுரத்தையும் சொருகியிருந்தீர்கள். அதை நான் படிக்காததுபோல் விட்டுவிடுகிறேன்.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. அக்கா சைவம். ஃபுளோரன்ஸில் அவரையும் கீரையும் பழைய ரொட்டியும் போட்டுக் கொதிக்கவைத்த ரிபொல்லீத்தா கிடைத்தது. நம்மூர்க் கூட்டுக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் அந்த வட்டார ரொட்டியில் உப்பே போடுவதில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று அக்கா அதை ஒதுக்கிவிட்டாள். பார்மிஜானோ, பெக்கொரீனோ பாலாடைக்கட்டிகளை உறையவைக்கக் கன்றின், ஆட்டுக்குட்டியின் வயிற்று நொதியைச் சேர்க்கிறார்கள். தீவிர சைவர்கள் "சீஸ் வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ரோமில் தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள். 'நசோனி' என்ற வார்ப்பிரும்புக் குழாய்கள் தெருவெங்கும் குளிர்ந்த நல்ல தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். குழாயின் மூக்கு நுனியை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் துளை வழியாகப் பீய்ச்சும், அப்படியே குடிக்கலாம்.

ரோமில் பந்தியோன் கோயிலுக்குள் நாங்கள் நுழைந்த செவ்வாய் மாலை மழை. 2023-இல் ஐந்து யூரோ கட்டணம் வைத்தார்கள். குவிமாடத்தின் உச்சியில் சுமார் ஒன்பது மீட்டர் அகலத்துக்கு வட்டமான திறப்பு, கண்ணாடி கிடையாது. மழை நேரே உள்ளே விழுந்து தரையின் துளைகளில் வடிந்தது. நனைந்த வட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருடப் பழைய கட்டடத்தில் நின்று மழை பார்த்தது, இந்தப் பயணத்தில் நான் திட்டமிடாமலே கிடைத்தது.

கொலோசியத்துக்குப் போகிறவர்கள் கவனிக்க: டிக்கெட்டில் பெயர் இருக்கும், வாசலில் அடையாள அட்டையோடு ஒப்பிடுவார்கள். நமக்குத்தான் இதில் தொல்லை. முன்னெழுத்து, அப்பா பெயர் என்று இங்கே பல விதமாக எழுதுகிறோம். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே பதிய வேண்டும். புதன்கிழமை காலைகளில் போப்பாண்டவர் மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சி சதுக்கத்தில் நடந்தால், புனித பேதுரு பேராலயத்துக்குள் பகல் வரை போக முடியாது. நாங்கள் வியாழனன்று போனோம். முழங்காலும் தோளும் மூடிய உடையோடுதான் விடுவார்கள், சேலைக்கு எந்தத் தடையும் இல்லை. 1508 முதல் 1512 வரை மைக்கலாஞ்சலோ வரைந்த, வாடிகன் அருங்காட்சியகத்துக்குள் இருக்கும் சிஸ்டைன் சிற்றாலய விதானத்தின் கீழே காவலர்கள் "ஸ்ஸ்ஸ்" என்று அதட்டிக்கொண்டே இருந்தார்கள். அக்கா கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு என் காதோடு கேட்டாள்: "இது வியாழக்கிழமைதானே?"

ஏப்ரல், மே விடுமுறைக்குப் போக நினைப்பவர்கள் இப்போதே நாள் குறிக்கத் தொடங்கியிருப்பார்கள். இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; தங்குமிடப் பதிவையும் நாள்வாரித் திட்டத்தையும் அதோடு கொடுக்க வேண்டும். தங்கள் பெட்டிச் செய்தியைக் கத்தரித்து வைத்து அதன்படியே பதிவு செய்கிறவர்கள் எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பம் இருக்கிறது. வரும் ஞாயிறு இணைப்பிலேயே, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போட்டுவிடுங்கள். உள்பக்க மூலையில் வேண்டாம்.

இப்படிக்கு,
ரயில்வே முன்பதிவு மையத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு வாசகி,
திருநகர், மதுரை.