தளிக்குப் போயிருக்கும் உன் மகளுக்காக

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. பெரியவளுக்குத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் வேலை கிடைத்த சேதியைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாம் பயிற்சி முடித்த காலத்தில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, பதிவு மூப்பு வரட்டும் என்று இருந்தோம். இவள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறி, அது போதாமல் 2018இல் வந்த அரசாணை 149இன்படி மறுபடி ஒரு போட்டித் தேர்வும் எழுதி வாங்கிய வேலை. எத்தனை பாடுபட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

நான் நலம். ஓய்வுக்குப் பிறகும் விடிகாலையில் விழிப்பு வந்துவிடுகிறது. முழங்கால் வலி மட்டும் குளிர் வந்தால் படுத்துகிறது. மகன் கோவையில்தான் இருக்கிறான். பேரன் இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பு. என் சேதி இவ்வளவுதான். இனி உன் மகள் விஷயத்துக்கு வருகிறேன், அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கோடியில் இருக்கும் தளி என்றதும் நீ பயந்துபோயிருக்கிறாய். மன்னார்குடியில் வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு அந்த ஊர்க் குளிரும் ராகிக் களியும் புதுசாகத்தான் இருக்கும். பிள்ளைகள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவார்கள். ராகி அறுவடைச் சமயத்தில் பன்னார்கட்டா காட்டுப் பக்கத்திலிருந்து யானைகள் இறங்கிவரும். அதனால் அந்த மாதங்களில் இருட்டோடு எழுந்து தனியாகப் பேருந்துக்கு நடக்க வேண்டாம் என்று சொல். தளியிலோ தேன்கனிக்கோட்டையிலோ வீடு பார்த்துத் தங்கட்டும். ஓசூரில் வசதி அதிகம்தான். ஆனால் தினமும் போய்வந்து களைத்துப்போனால் ராத்திரி மறுநாள் பாடத்தை யோசிக்கத் தெம்பு இருக்காது.

அவள் ராத்திரி போன் செய்து அழுகிறாள் என்று எழுதியிருந்தாய். முதல் வருஷத்தில் அழாத ஆசிரியரை நான் அதிகம் பார்த்ததில்லை. என் அனுபவத்தில், புதிதாக வருகிறவர்களை ஒடித்துப் போடுவது பாடமும் பிள்ளைகளும் இல்லை. தனியாக விடப்படுவதுதான். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான். ஒருவர் தலைமை ஆசிரியர். அவர் கூட்டத்துக்கோ வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ போய்விட்டால், ஐந்து வகுப்பும் உன் மகள் தலையில். பயிற்சியில் நாற்பது நிமிஷம் ஒரே வகுப்புக்குப் பாடம் எடுத்துக் காட்டியவளுக்கு, ஒரே அறையில் ஐந்து வகுப்பு என்றால் கைகால் உதறத்தான் செய்யும். அது அவளுடைய குறை என்று அவள் நினைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்.

அந்த ஐந்து வகுப்பை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறாள் இல்லையா, சொல்கிறேன். வகுப்புவாரியாக உட்கார வைத்தால் முடியாது. பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் வரவைக்க அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில், இப்போதுதான் தொடங்குகிறவர்கள் அரும்பு, அடுத்து மொட்டு, நன்றாக வந்தவர்கள் மலர் என்று நிலை பிரித்திருப்பது இதற்குத்தான் கைகொடுக்கும். 2022இல் ஒன்று முதல் மூன்று வகுப்புக்கு வந்தது, மறு வருஷம் நாலு, ஐந்துக்கும் வந்தது. அதில் நிரப்ப வேண்டிய தாள்கள் அதிகம் என்று நிறைய பேர் சலித்துக்கொள்வார்கள். அந்தச் சலிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறான் என்பதை விட்டுவிட்டு, அவனுக்கு என்ன தெரியும் என்று பார்க்கச் சொல்கிறதே, அந்த ஒன்று சரியான விஷயம். மலரில் இருப்பவர்களுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு, முதல் அரைமணி நேரம் அரும்போடு தரையில் உட்காரட்டும். காலையில்தான் சின்னப் பிள்ளைகளுக்கு மனசு நிற்கும். அந்த அரைமணியை எந்தப் பதிவேட்டுக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டாம். நெட்வொர்க் இல்லாமல், கல்வித் துறையின் எமிஸ் இணையப் பதிவில் வருகைப் பதிவு சுற்றிக்கொண்டே இருந்தால், காகிதத்தில் குறித்துக்கொண்டு தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கட்டும். சிக்னல் வந்ததும் ஏற்றிக்கொள்ளலாம்.

முதல் வருஷத்தில் அவள் எல்லாவற்றையும் செய்யப் பார்ப்பாள். சுவரெல்லாம் படம், மாறுவேடப் போட்டி, தோட்டம், ஆண்டு விழா என்று ஆசை இருக்கும். அதெல்லாம் அடுத்த வருஷம் வரட்டும். இந்த வருஷம் பிள்ளைகளுக்கு வாசிக்க வந்தால் போதும். வாசிப்பு வந்துவிட்டால் மற்றப் பாடங்கள் தானாக நகரும். வராத பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடிக்கும்வரை கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே இருப்பான், நோட்டு அழகாக இருக்கும், ஒரு வரி படிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வான்.

இதை அவள் கிட்டத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ட, ப, ம, ய என்று கோட்டு எழுத்துகள் வரை பிள்ளைகள் ஓடி வருவார்கள். படம், பட்டம், மடம் எல்லாம் சுலபம். கொம்பு வரும் இடத்தில்தான் நின்றுபோவார்கள். ‘கொக்கு’ என்று எழுதிக்காட்டினால், முதலில் நிற்கும் கொம்பைப் பார்த்துவிட்டு அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விரலை அங்கேயே வைத்துக்கொண்டிருப்பான். கொம்பு, க, கால் மூன்றும் சேர்ந்து ஒரே சத்தம் என்பது நமக்குப் பழகிவிட்டது, அவனுக்கு அது பெரிய சிக்கல். ஒரு வெள்ளைத் தாளில் சின்ன ஜன்னல் மாதிரி வெட்டி, அந்த மூன்றும் மட்டும் தெரியும்படி சொல்லின்மேல் வைத்துக் காட்டினால் புரிந்துகொள்வான். பென்னாகரத்தில் நான் சேர்ந்தபோது இருந்த தலைமை ஆசிரியை அம்மா சொல்லிக்கொடுத்த வித்தை அது. என் வகுப்பில் கடைசி வரிசையில் பிள்ளைகளோடு பிள்ளையாக வந்து உட்காருவார். முடிந்ததும் குறை எதுவும் சொல்லமாட்டார். “அந்தச் சிவப்புச் சட்டைக்காரன் இன்னிக்கு ஒரு வார்த்தையும் பேசல, கவனிச்சியா?” என்று மட்டும் கேட்பார்.

அப்படி ஒருவர் உன் மகளுக்கும் வேண்டும். அவளுடைய தலைமை ஆசிரியருக்கு அதற்கு நேரம் இருக்குமோ என்னவோ. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்குப் போகும்போது நன்றாக வகுப்பெடுக்கும் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் யார் என்று விசாரிக்கச் சொல். அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு நாள் அவர் வகுப்பில் போய் உட்காரட்டும். கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள். கேட்கத்தான் நம் பிள்ளைகளுக்குக் கூச்சம்.

மொழி விஷயம். 2006ஆம் வருஷத் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு அங்கேயும் எல்லாப் பிள்ளைகளும் தமிழ் படிக்கிறார்கள். ஆனால் ஒன்றாம் வகுப்புக்கு வரும் குழந்தை தமிழைப் பள்ளிக்கூடத்தில்தான் முதன்முதலாகக் கேட்கும். பசிக்கிறதா, வயிறு வலிக்கிறதா, ஒன்றுக்குப் போகணுமா, யார் அடித்தது, இந்த நாலையும் அவர்கள் வீட்டுப் பேச்சில் உடனே கற்றுக்கொள்ளச் சொல். காலை உணவு சமைக்க வரும் மகளிர் குழு அக்காக்களே சொல்லித்தருவார்கள். வீட்டுப் பேச்சில் பேசும் குழந்தையை ‘தமிழில் சொல்’ என்று அதட்ட வேண்டாம். அதட்டினால் இரண்டு மொழியிலும் வாய் மூடிக்கொள்ளும்.

காலை உணவு நேரத்துக்கே போய்விடுவது நல்லது. கிச்சடியோ பொங்கலோ சாப்பிடும்போது யார் வந்திருக்கிறான், யார் ராத்திரி சாப்பிடாத மாதிரி அள்ளுகிறான், யார் தங்கையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று தெரிந்துவிடும். ஒரு பிள்ளை தொடர்ந்து வராவிட்டால் வீட்டுக்கு நடந்தே போய்ப் பார்க்கட்டும். அம்மாக்கள் ரோஜாத் தோட்டத்திலும் கோஸ் காட்டிலும் வேலைக்குப் போய்விடுவார்கள், சாயங்காலம்தான் பிடிக்க முடியும். முதல் தடவை போகும்போது புகார் சொல்லக்கூடாது. பிள்ளை நன்றாகச் செய்த ஒன்றைச் சொல்லிவிட்டு வரட்டும். அப்புறம் எப்போது கூப்பிட்டாலும் வருவார்கள்.

தொண்டையைப் பற்றி அவளிடம் கண்டிப்பாகச் சொல். சத்தத்துக்கு மேல் சத்தம் போட்டால் கொஞ்ச நாளில் குரல் கட்டிவிடும். கைதட்டி நிறுத்த ஒரு தாளம் பழக்கிவிட்டு, தணிந்த குரலில் பேசட்டும். தண்ணீர் பாட்டில் மேஜையிலேயே இருக்கட்டும். பிரம்பு வேண்டவே வேண்டாம். சட்டம் தடுக்கிறது என்பது ஒரு பக்கம். அடி வாங்கிய பிள்ளை வாசிக்க வாய் திறக்கமாட்டான் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

காகித வேலையில் இரண்டு விஷயம். பணிப்பதிவேடு திறந்ததும் அதில் பிறந்த தேதி, பெயர், கல்வித் தகுதி எல்லாம் சரியா என்று அவளே பார்த்துவிட வேண்டும். சான்றிதழ்களின் உண்மைத்தன்மை கேட்டு இப்போதே கடிதம் போகவேண்டும். அது வராமல் தகுதிகாண் பருவம் முடித்த ஆணை இழுத்துக்கொண்டே போகும். முதல் சம்பளம் தாமதமாகலாம், வாடகைக்கு நீ கொஞ்சம் அனுப்பிவை.

உனக்கும் ஒன்று சொல்லவேண்டும், கோபித்துக்கொள்ளாதே. ‘மாறுதலுக்கு எப்போ எழுதிக் கொடுக்கப்போற?’ என்று தினமும் கேட்காதே. போகப்போகிற ஊர் என்று அவள் மனசில் விழுந்துவிட்டால் பிள்ளைகள் மேல் மனசு வைக்கமாட்டாள். அழுதால் அழவிடு, நடுவில் புத்தி சொல்லாதே. அழுது முடித்ததும் இன்றைக்கு எந்தப் பிள்ளை என்ன செய்தான் என்று கேள். பேர் சொல்லிக் கேள். ஞாயிற்றுக்கிழமை அவளை யாரும் எழுப்பவேண்டாம்.

என் நம்பரை அவளிடம் கொடு. ஏழு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். தருமபுரியிலிருந்து ஓசூர் எனக்குத் தூரமில்லை, அரையாண்டு விடுமுறைக்கு முன்னால் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். பள்ளி முகவரியை எழுதி அனுப்பு. நான் சேர்த்து வைத்திருக்கும் சொல் அட்டைகளைப் பார்சல் போடவேண்டும்.

அன்புடன்,
மல்லிகா