ஒரு ஞாயிற்றுக்கிழமையை அங்குள்ள சபைக்குக் கொடுங்கள்: புனித நாட்டுப் பயணம் நடத்தும் திருச்சபைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பேராயர்களே, ஆயர்களே, போதகர்களே, பயணக் குழுக்களை அழைத்துச் செல்லும் ஊழியர்களே,

உங்கள் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

புனித நாட்டுப் பயணங்கள் மறுபடி சூடுபிடிக்கும்போது பழைய அட்டவணையையே தூசி தட்டி எடுக்க வேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மடல். அந்த அட்டவணை உங்களுக்கு மனப்பாடம். அம்மானில் இறங்கி நேபோ மலை, எல்லை தாண்டிக் கலிலேயா, எருசலேம், பிறகு தாபா வழியாக எகிப்து. பெத்லகேமுக்கு அதில் அரை நாள் கிடைத்தால் அதிகம். பிறப்பிடக் குகைக்கு நிற்கும் வரிசை ஒரு பங்கு நேரத்தை விழுங்கும், மீதியை ஒலிவமரச் சிற்பக் கடை எடுத்துக்கொள்ளும். அறை வாடகை குறைவு என்று பெத்லகேமிலேயே தங்கும் குழுக்களும் உண்டு. அவர்களும் விடிந்ததும் பேருந்தில் ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புகிறார்கள். அந்த ஊர் விசுவாசி ஒருவரிடமாவது பேசாமலே நம் மக்கள் ஊர் திரும்புகிறார்கள்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஒரு ஞாயிறு காலையை முதலில் குறித்துவிட்டு, மற்ற நாட்களை அதைச் சுற்றி அடுக்குங்கள். இப்போது நடப்பது இதற்குத் தலைகீழ். மலிவான விமானச் சீட்டு எந்தக் கிழமைக்குக் கிடைக்கிறதோ அதை வைத்துத்தான் எல்லாம் முடிவாகிறது. ஞாயிறு எல்லைச் சாவடியில் கழியும், அல்லது எருசலேமின் கல்லறைத் தோட்டத்தில் நாம் மட்டும் கூடித் திருவிருந்து எடுப்பதோடு முடியும்.

எந்தச் சபைக்குப் போவது என்று தேடி அலைய வேண்டியதில்லை. தென்னிந்தியத் திருச்சபை ஆங்கிலிக்கன் ஐக்கியத்தைச் சேர்ந்தது; எருசலேமின் புனித ஜார்ஜ் பேராலயமும் அப்படியே. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையார் போவதற்கு பெத்லகேம், பக்கத்து ஊர்களான பெய்ட் சஹூர், பெய்ட் ஜாலா மூன்றிலும் அரபு பேசும் லுத்தரன் சபைகள் உண்டு. அந்தச் சபைகளின் திருச்சபையும் தமிழ் லுத்தரன் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பின் உறுப்பினர்கள்தான். கத்தோலிக்கருக்கு லத்தீன் (ரோமன் கத்தோலிக்க) பங்குச் சபைகள் இருக்கின்றன. சுயாதீன சபையார் நாசரேத்தின் பாப்டிஸ்ட் சபைகளைக் கேட்கலாம்.

குறைந்தது இரண்டு மாதம் முன்னதாகவே சபைக் குருவுக்கு எழுதுங்கள், எத்தனை பேர் என்பதையும் சொல்லிவிடுங்கள். அங்கே பல சபைகள் மிகச் சிறியவை. நாற்பத்தைந்து பேர் திடுதிப்பென்று நுழைந்தால் வீட்டுக்காரர்களுக்கே இடம் இருக்காது. ஆகவே குழுவை இரண்டாகப் பிரித்து இரண்டு சபைகளுக்கு அனுப்புங்கள். ஆராதனை அரபியில்தான் நடக்கும். கர்த்தருடைய ஜெபத்தை அவரவர் மொழியில் சொல்லலாமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பிரசங்க நேரத்தைக் கேட்டு வாங்காதீர்கள். முடிந்ததும் ஒரு மணி நேரம் காபியோடு உட்காருவதற்கு அட்டவணையில் இடம் வேண்டும். பேருந்து ஓட்டுநர் ஹார்ன் அடிக்கும்படி வைத்துக்கொள்ளாதீர்கள்.

அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பெத்லகேம் போதகரை நல்லெண்ணத்தோடு எருசலேம் ஓட்டலுக்கு விருந்துக்கு அழைப்பார்கள். தூரம் சுமார் பத்து கிலோமீட்டர்தான். ஆனால் பெத்லகேம் இருப்பது பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையில். மேற்குக் கரை அடையாள அட்டை வைத்திருப்பவர் பொதுவாக இஸ்ரேலிய அனுமதிச் சீட்டு இல்லாமல் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது. ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் சிலருக்குக் கிடைக்கும், அதே வீட்டில் வேறு சிலருக்குக் கிடைக்காது. யூதப் பண்டிகை நாட்களில் சாவடியே மூடப்படுவதும் உண்டு. கடவுச்சீட்டும் விசா சீட்டும் கையில் இருக்கும் நாம் போகலாம், அவர்கள் வர முடியாது. ஆகவே விருந்தை அவர்கள் ஊரிலேயே வையுங்கள்.

"எப்போது இஸ்லாமிலிருந்து மனம் மாறினீர்கள்?" என்று யாரும் கேட்காதபடி குழுவைப் புறப்படும் முன்பே தயார்செய்யுங்கள். பெந்தெகொஸ்தே நாளில் கூடியிருந்தவர்களின் பட்டியல் அப்போஸ்தலர் 2:11-இல் "அரபியரும்" என்றுதான் முடிகிறது. நம் ஊர்களுக்கு மிஷனரிகள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அங்கே சபை இருந்தது. துண்டுப்பிரதி விநியோகமும் வேண்டாம். நீங்கள் மறுநாள் கிளம்பிவிடுவீர்கள், அதன் விளைவைச் சுமப்பது அந்தச் சிறு சபை. கொடி எதுவும் வேண்டாம். எக்காளம் வாங்கியவர்கள் ஊர் வந்து ஊதிக்கொள்ளட்டும்.

பயணத்துக்கு முந்தைய கூட்டங்களில் "உன்னை ஆசீர்வதிக்கிறவர்களை ஆசீர்வதிப்பேன்" என்று ஆபிரகாமுக்குச் சொன்ன ஆதியாகமம் 12:3-ஐ மட்டும் வைத்து வகுப்பெடுக்கிறீர்கள். எருசலேமின் திருச்சபைத் தலைவர்கள் சிலர் 2006-இல் கிறிஸ்தவ சியோனிசத்தை (இன்றைய இஸ்ரேல் அரசை வேத தீர்க்கதரிசன நிறைவேற்றமாக ஆதரிக்கும் போதனையை) வெளிப்படையாக மறுத்து அறிக்கை விட்டார்கள். 2009 டிசம்பரில் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்கள் 'கைரோஸ் பாலஸ்தீன்' அறிக்கையை வெளியிட்டார்கள். ஏற்கிறீர்களோ இல்லையோ, படித்துவிட்டுப் போங்கள். மறுபக்கத்தையும் கேளுங்கள். 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேலில் ஹமாஸ் தலைமையிலான தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேர் பிணைக்கைதிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். இயேசுவை மேசியாவாக ஏற்கும் யூத விசுவாசிகளையும் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களையும் ஒன்றாக உட்காரவைக்கும் பணியை 'முசாலஹா' என்ற ஒப்புரவு அமைப்பு 1990 முதல் செய்துவருகிறது. ஒரு தரப்பைத் தீர்க்கதரிசன வரைபடத்தின் காயாக நகர்த்தும் போதனையைவிட அது கடினமான ஊழியம்.

காஸாவுக்காக ஜெபிக்கும்போது பெயர் சொல்லி ஜெபியுங்கள். அல் அஹ்லி மருத்துவமனை எருசலேம் ஆங்கிலிக்கன் மறைமாவட்டத்துடையது. புனித பொர்ஃபிரியஸ் ஆலய வளாகம் 2023 அக்டோபர் 19 அன்று தாக்கப்பட்டு அங்கே அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் இறந்தார்கள். திருக்குடும்பக் கத்தோலிக்க ஆலயம் 2025 ஜூலை 17 அன்று தாக்கப்பட்டதில் மூவர் இறந்தார்கள், பங்குத்தந்தை காயமடைந்தார். போருக்கு முன்பே காஸாவில் இருந்த கிறிஸ்தவர்கள் ஆயிரம் பேர் அளவில்தான்.

பண உதவியில் அவசரப்பட வேண்டாம். இந்திய அறக்கட்டளை தன் வருமானத்தை வரிவிலக்கோடு வெளிநாட்டில் செலவிட வருமான வரித்துறையின் ஒப்புதல் வேண்டும். அங்கே தங்குவதும், சாப்பிடுவதும், சபை காட்டும் பட்டறையில் நேரடியாக ஒலிவமரப் பொருள் வாங்குவதும் சிக்கலில்லாத வழி. பேருந்து நிறுத்தும் கடைகளில் வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் கமிஷன் போகிறது. விலையில் அதுவும் சேர்ந்திருக்கும்.

பயண முகவரிடம் விலைப்பட்டியல் கேட்கும்போதே ஞாயிறு ஆராதனையையும், பெத்லகேம் பகுதிக்கு உள்ளூர்ப் பாலஸ்தீன வழிகாட்டியையும் எழுத்தில் வாங்குங்கள். காப்பீட்டில் போருக்கு விலக்கு இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். வெளியுறவு அமைச்சகத்தின் அறிவுறுத்தலைப் பணம் கட்டும் முன்பும் பாருங்கள், கிளம்பும் வாரத்திலும் பாருங்கள். திரும்பும் விமானத்துக்கு நான்கு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். யாரைச் சந்தித்தீர்கள் என்று பாதுகாப்பு அதிகாரிகள் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். சபைக்குப் போனதில் மறைக்க எதுவும் இல்லை.

ஊர் வந்த பிறகு அந்தச் சபைக்குக் கடிதம் எழுதுங்கள். பெய்ட் சஹூரின் ஆர்த்தடாக்ஸ் குடும்பங்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7 அன்று என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
புனித நாட்டுப் பயணங்களுக்குத் திட்டமிட உதவும் ஊழியர்கள்