பி.டி.யில் ஃபெயிலான ஓட்டக்காரன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் உங்கள் கட்டுரையாளர் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தார்: "அமெரிக்காவில் பி.டி. பீரியடில்கூட ஃபெயிலாகிறார்களாம், ஓட முடியாத அளவுக்குத் தின்றால் வேறென்ன நடக்கும்?" அதைப் படித்தபோது என் மகன் எதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளியின் கிராஸ் கன்ட்ரி (நெடுந்தூர ஓட்ட) அணியில் இருக்கிறான், 5 கிலோமீட்டரை 19 நிமிடத்தில் ஓடுவான். ஜிம் வகுப்பில், அதாவது பி.டி.யில், ஃபெயில்.

எப்படி என்று கட்டுரையாளர் யாரையாவது கேட்டிருக்கலாம். இவன் பள்ளியில் ஜிம் மார்க் ஓட்டத்துக்கு இல்லை, சட்டைக்கு. லாக்கர் அறையில் உடை மாற்றி வந்து நின்றால் அன்றைய மார்க் உண்டு, மாற்றாவிட்டால் பூஜ்யம். காலை ஏழரைக்கு முதல் பீரியடே ஜிம். தூங்கி எழுந்து ஓடுகிற அவசரத்தில் பையை மறந்த நாட்களும் தாமதமாகப் போன நாட்களும் சேர்ந்து மூன்று காலாண்டுகளைத் தின்றுவிட்டன.

அதனாலென்ன, ஜிம்தானே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நியூ ஜெர்சி சட்டப்படி உயர்நிலைப் பள்ளியின் ஒவ்வொரு ஆண்டும் வாரத்துக்கு 150 நிமிடம் உடற்கல்வியும் சுகாதாரப் பாடமும் உண்டு. பள்ளி முடித்ததற்கான டிப்ளமாவுக்கு வேண்டிய 120 கிரெடிட்டில் (பாடங்களுக்கான புள்ளிகள்) ஆண்டுக்கு 3.75 இதற்கே. கால்குலஸில் ஏ வாங்கினாலும் இந்த 3.75-ஐ ஈடுகட்ட முடியாது. கலிபோர்னியாவில் இருக்கும் என் தங்கை பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்டோடு முடிந்துவிட்டது. இங்கே உயர்நிலைப் பள்ளியின் நான்கு ஆண்டும் வேண்டும். அணியில் ஓடுவதையே ஜிம் கணக்கில் சேர்த்துக்கொள்ள 'ஆப்ஷன் டூ' என்று ஒரு வழி சில பள்ளிகளில் இருக்கிறது. எங்கள் பள்ளியில் கேட்டபோது செப்டம்பரிலேயே விண்ணப்பித்திருக்க வேண்டும் என்றார்கள். நான் கேட்டது மார்ச்சில்.

ஏன் மார்ச் வரை தூங்கினேன்? நான் மதுரையில் படித்தவள். பத்தாம் வகுப்பில் பி.டி. பீரியட் என்றாலே கணக்கு டீச்சர் சாக்பீஸோடு உள்ளே வந்துவிடுவார். பி.டி. மிஸ் வராந்தாவில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். நாங்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அந்தப் புத்தியோடுதான், "உங்கள் மகன் தேறாமல் போகலாம்" என்று பள்ளியிலிருந்து வந்த மெயிலில் பாடத்தின் பெயரைப் பார்த்துச் சிரித்தேன். இரண்டாவது மெயிலைத் திறக்கவேயில்லை.

அப்புறம், நீங்களும் சும்மா இல்லை. ஸ்பெல்லிங் பீ என்கிற எழுத்துக்கூட்டும் போட்டியில் ஒரு குழந்தை ஜெயித்தால் அட்டைப்படம். எத்தனை பிள்ளைகள் எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்கள் என்று ஆண்டுதோறும் நான்கு பக்கம். உங்கள் பக்கங்களில் வரும் எங்கள் பிள்ளைகள் ஒன்று மேதை, இல்லையென்றால் தின்று கொழுத்தவன். நடுவில் சட்டை மறந்த ஒரு சாதாரணப் பையனுக்கு இடம் இருந்ததேயில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதையே எழுதினேன். அதில் உங்களைப் பாராட்டிய முதல் பத்தியை மட்டும் வெளியிட்டீர்கள். மகிழ்ச்சி.

இப்போது நிலைமை இதுதான். கடைசிக் காலாண்டில் ஒரு நாள்கூடத் தவறாமல் உடை மாற்றினால் ஜூனில் பட்டமளிப்பு மேடை ஏறலாம். இல்லையென்றால் கோடையில் பணம் கட்டி ஆன்லைனில் ஜிம் படிக்க வேண்டும். ஆமாம், கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து உடற்கல்வி! இடம் கொடுத்த கல்லூரியோ பள்ளி முடித்ததற்கான இறுதிச் சான்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. தினமும் ராத்திரி அவன் பையில் டி-ஷர்ட்டும் ஷார்ட்ஸும் இருக்கிறதா என்று நானே தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

கட்டுரையாளர் மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அவருக்கு வேலை அதிகம் இருக்கும். அடுத்த இதழில் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள், போதும்: மார்க் பார்க்கும் தளத்தில் வேதியியலுக்குக் கீழே 'பிசிக்கல் எஜுகேஷன்' என்று ஒரு வரி இருக்கும், பெற்றோர் அதையும் படிக்கவும் என்று.

போன முறை என் கடிதத்துக்குக் கீழே 'நியூயார்க் வாசகி' என்று போட்டிருந்தீர்கள். நான் இருப்பது நியூ ஜெர்சி.

இப்படிக்கு,
பதினோரு வருடச் சந்தாதாரர்