ஒரு பிரதிக்கு ஒரு மாற்றம்: கைகலப்பு விதிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய விதிக்குழுவினருக்கு,

மேசைமேல் பொம்மைப் படைகளை நிறுத்திப் பண்டைக்காலப் போர்களை ஆடும் உங்கள் ஆட்டத்தின் விதிகளுக்கான மூன்றாவது சோதனைப் பிரதி கிடைத்தது, நன்றி. யானைக்கும் நீள்ஈட்டிப் படைக்கும் நடக்கும் கைகலப்பு சரிவரவில்லை என்று போன இரண்டு பிரதிகளுக்கும் எழுதியிருந்தோம். அதைக் கவனித்திருக்கிறீர்கள். கவனிப்பு கொஞ்சம் கூடிப்போனதுதான் இப்போதைய சிக்கல்.

பழைய பிரதியில் மோதல் பலம் யானைக்கு 5. நீள்ஈட்டிக்கு 3, பின்வரிசை இருந்தால் இன்னும் 1. ஆளுக்கொரு பகடை உருட்டி அந்தப் பலத்தோடு கூட்டிப் பார்த்தால், குறைந்தவர் பின்வாங்குவார். எதிரியின் கூட்டுத்தொகையில் பாதியோ அதற்கும் கீழோ வந்தால் அழிவார். அந்தக் கணக்கில் யானை பின்வாங்க 36 இல் 10 வாய்ப்பு. குறைவுதான், ஒத்துக்கொள்கிறோம். அதைக் கூட்டப் பின்வரிசைக்கு 2 தந்தீர்கள். சமம் வந்தாலும் யானையே பின்வாங்கும் என்றும் எழுதினீர்கள். முதலாவதை மட்டும் செய்திருந்தால் 36 இல் 15. இரண்டாவதை மட்டும் செய்திருந்தாலும் அதே 15 தான். இரண்டையும் சேர்த்தால் 21. யானை இப்போது பாதிக்கு மேல் பின்னால் நடக்கிற மிருகம். கறிக்கு உப்பையும் புளியையும் ஒன்றாய்க் கூட்டிவிட்டு எது கூடிப்போச்சு என்று எங்களிடம் கேட்டால் என்ன சொல்வது?

இன்னொன்று கண்ணில் பட்டதா தெரியவில்லை. இருவருக்கும் 5 என்றானபின் மிகக் குறைந்த தொகை 6, மிகக் கூடியது 11. 11 இல் பாதி 5.5. ஆகவே முன்னுக்கு நின்று மோதும்போது யாரும் யாரையும் கொல்லவே முடியாது. முன்பு ஈட்டிக்காரர் அழிய 36 இல் 2 வாய்ப்பாவது இருந்தது. இப்போது பொழுது சாயும்வரை தள்ளிக்கொண்டு நிற்கலாம்.

மூன்றாவது மாற்றத்தைச் சொல்லாமலே செய்திருக்கிறீர்கள். பொம்மை யானையை ஒட்டி நிறுத்தும் அடித்தட்டின் நீளம் 30 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆகியிருக்கிறது. அளவுப் பட்டியலில் அது ஒரு இலக்கம்தான். ஆனால் பின்வாங்கும் தூரம் அவரவர் அடித்தட்டின் நீளம் என்பது உங்கள் விதி. முன்பு யானைக்குப் பின்னால் 30 மில்லிமீட்டர் விட்டுத் தன் படையை நிறுத்தினால் இடிக்காது. இப்போது 10 மில்லிமீட்டர் உள்ளே ஏறிவிடுகிறது. ஏறினால் நசுங்குவது யார், யானை அங்கேயே நிற்குமா, பக்கத்துச் சண்டை முடிந்தபின்னா இது என்பதற்கு ஒரு வரியும் இல்லை.

அந்த ஒரு இலக்கத்துக்காக இங்கே ஒவ்வொரு யானையையும் பழைய தட்டிலிருந்து பிளேடு போட்டுக் கழற்ற வேண்டும். காலடியில் பசை இறுகியிருப்பதால் கணுக்காலில் முறியும். ஆனி, ஆடியில் பதுளைப் பக்கம் காய்ந்துவிடும். இலங்கை மலையகத்தில் எங்கள் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கமோ மழையும் மூடுபனியும். வெள்ளைப் பசை விடிந்தாலும் பிசுபிசுக்கும். ஈரக் காற்றில் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தால் வண்ணத்தின் மேல் பால் படிந்த மாதிரி வெளுக்கும். கழற்றாமல் பின்னால் 10 மில்லிமீட்டர் அட்டை ஒட்டலாமே என்றால், அது ஈரம் குடித்து நெளிந்து, கம்பளி விரித்த கரம் போர்டின் மேல் ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது. 40 என்று இருந்த இடத்தில் 38 வருகிறது. இதை வைத்துத்தான் 10 மில்லிமீட்டர் பிரச்சினையைச் சோதிக்கச் சொல்கிறீர்கள்.

ஆகவே கேட்பது இதுதான்: ஒரு பிரதிக்கு ஒரு மாற்றம்.

மாற்றத்துக்கு நீங்கள் காட்டியிருக்கும் வரலாற்றையும் பார்த்தோம். கி.மு. 217 இல் ரஃபியாவில் எகிப்து மன்னர் தொலமியின் 73 யானைகளில் பல, சிரிய மன்னர் அந்தியோக்கஸின் யானைகளுக்கு முன் நிற்காமல் தம் படைமேலேயே ஏறின. கி.மு. 190 இல் மக்னீசியாவில் அதே அந்தியோக்கஸ் ஈட்டித் தொகுதிகளுக்கு நடுவே நிறுத்திய யானைகள் மிரண்டு அந்த அணியையே குலைத்தன. இரண்டு இடத்திலும் யானை மிரண்ட பக்கம் ஓடியது. உங்கள் விதியிலோ பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி நேராக 40 மில்லிமீட்டர் பின்னால் போய் நிற்கிறது. பக்கவாட்டில் நிற்கும் ஈட்டிக்காரருக்கு ஒரு கீறலும் இல்லை. போதாததற்கு 4 ஆம் பக்கத்தில் "பின்வாங்கல்", 7 இல் "பின்தள்ளல்", 9 இல் "பின்னகர்வு". மூன்றும் ஒன்றா, மூன்று விளைவா? தமிழில் சொல் நிறைய இருக்கிறது என்பது தெரியும். விதிப் புத்தகத்தில் அதைக் காட்ட வேண்டாமே.

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, மன்னியுங்கள். இலவசமாக இவ்வளவு உழைக்கிறீர்கள் என்பதை மறக்கவில்லை.

தயவுசெய்து நான்காவது பிரதியில் பின்வரிசையைப் பழையபடி 1 என்றும், அடித்தட்டைப் பழையபடி 30 என்றும் வைத்து, சம விதியை மட்டும் மாற்றி அனுப்புங்கள். அதே இரு படைகளை, அதே அணிவகுப்பில், ஆட்டத்துக்கு ஆட்டம் பக்கம் மாற்றி ஆடி, யார் வென்றார் என்று மட்டும் எழுதாமல் ஒவ்வொரு மோதலிலும் விழுந்த இரண்டு பகடை எண்ணையும் குறித்து அனுப்புவோம். பின்வரிசை 2 வேண்டுமென்றால் ஐந்தாவது பிரதியில் பார்க்கலாம். அடித்தட்டை மாற்றியே ஆக வேண்டுமென்றால் தை மாசிக்குத் தள்ளிவையுங்கள். பசை காயும்.

பணிவுடன்,
சோதனை ஆட்டக்காரர்கள்,
ஹட்டன்