சுபேதார் ஐயாவுக்கும் மற்ற எல்லாருக்கும்

தாத்தாவின் ராணுவப் பணி விவரம் கேட்டு எழுதியிருந்தேனே, அதற்குப் பதில் கடிதம் நேற்று சாயங்காலம் வந்தது. மூன்று மாதமாக என் புலம்பலைக் கேட்டவர்கள் நீங்கள், அதனால் பழைய கதையைத் திரும்ப ஆரம்பிக்கவில்லை.

முதல் நன்றி சுபேதார் ஐயாவுக்கு. தாத்தாவின் பென்ஷன் புத்தகமும் போன பிறகு, கையில் மிஞ்சியது அவர் பெயரும், அவர் இருந்த ராணுவப் பொறியாளர் பிரிவான 'மெட்ராஸ் சாப்பர்ஸ்' என்ற சொல்லும்தான். ராணுவ எண் இல்லாமல் அந்தப் பெயரில் யாரைத் தேடுவது? ஐயா வந்தார், உட்காரக்கூட இல்லை, "அவர் கொண்டுவந்த டிரங்குப் பெட்டி இருக்கா தம்பி?" என்றார். பரணிலிருந்து இறக்கினோம். அந்த வயதில் தரையில் குந்தி, தன் தோள் துண்டையே நனைத்து மூடியைத் தேய்தேய் என்று தேய்த்தார். பச்சைப் பெயிண்டுக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஒவ்வொரு இலக்கமாக எழுந்து வந்தது. அதை மின்சார பில்லின் பின்னால் எழுதிக்கொடுத்து, "படிவத்துல எழுத்து தெளிவா இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அந்த எண்ணை வைத்துத்தான் பெங்களூரு ஆவண அலுவலகத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. 1941இல் சேர்ந்து 1957இல் ஓய்வு. போர் முடிந்து 1946இல் வீட்டுக்கு அனுப்பியவர்களோடு அவரும் வந்திருந்தால் 15 வருட சர்வீஸ் ஆகியிருக்காது, பென்ஷனும் இல்லை, இந்தத் தாள்களும் இருந்திருக்காது. சேர்ந்த அன்றே எழுதிய அங்க அடையாளத்தில் 'இடது புருவத்தின் மேல் தழும்பு' என்று இருக்கிறது. பர்மாவில் குண்டு உரசிய தழும்பு என்று எங்களை நம்பவைத்தாரே மனுஷன்! அப்பா படித்துவிட்டு சிரித்து சிரித்து, அப்புறம் அழுதுவிட்டார். வாரிசு என்ற இடத்தில் ஓர் அக்காவின் பெயர். தாத்தாவுக்கு அக்கா இருந்ததே எங்கள் யாருக்கும் தெரியாது.

விண்ணப்பத்தைத் திருத்தித் தந்த மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தார், பழைய பாஸ்புக்கைத் தேடிய வங்கி நண்பர், இரவெல்லாம் ஸ்கேன் செய்த தங்கை மகள், "ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தவர்கள், எல்லாருக்கும் நன்றி.

அந்த அக்காவின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ எங்கே இருந்தாலும் தேடிப் பிடித்து, இந்தத் தாளின் நகல் ஒன்றைக் கையில் கொடுக்காமல் விடமாட்டேன். பெட்டிக்கு இனி யாரும் பெயிண்ட் அடிக்கக் கூடாது என்றும் வீட்டில் சொல்லிவிட்டேன்.