43-ஐ 28 ஆக்கியவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஏடிடைனி85 என்ற சின்ன கட்டுப்பாட்டுச் சிப்பை வைத்து நான் கையால் சாலிடர் செய்த பலகை நேற்று இரவு யுஎஸ்பி வழியே அறை வெப்பநிலையை அனுப்பத் தொடங்கிவிட்டது. உங்களில் மூன்று பேர் இல்லாவிட்டால் அது இன்னமும் விண்டோஸில் 'அறியப்படாத சாதனம்' என்றே கிடந்திருக்கும்.

ஒரு வாரமாக டிரைவரை (கணினி கருவியோடு பேச உதவும் மென்பொருளை) அழிப்பதும் மறுபடி போடுவதுமாக இருந்தேன். அப்போது அண்ணா ஒருவர், "டிரைவரை விடுங்க தம்பி, டிவைஸ் மேனேஜர்ல பிழை எண் என்ன காட்டுது?" என்று கேட்டார். 43 என்றேன். "கருவி தன் பேரையே ஒழுங்கா சொல்லல. அப்புறம் எந்த டிரைவரைத் தேடும்? சர்க்யூட்டைப் பாருங்க" என்றார். அந்த ஒரு கேள்விதான் எனக்கு வழி காட்டியது.

பலகையின் படத்தைப் பார்த்த அக்கா, டேட்டா கம்பிகளில் மின்னழுத்தம் எல்லை மீறாமல் தடுக்கும் ஜீனர் டயோடுகள் பருமனாக இருப்பதைக் கண்டுபிடித்தார். 3.6 வோல்ட் சரிதான், ஆனால் 1 வாட் வகை. அதன் மின்தேக்கம் அதிகம் என்பதால் சிக்னல் ஏறி இறங்குவது மந்தமாகிவிடும் என்று பொறுமையாக விளக்கினார். அரை வாட் டயோடுகளை மாற்றிச் செருகினேன். மஞ்சள் முக்கோணம் அப்படியேதான் இருந்தது, ஆனால் பிழை எண் 28 ஆகியிருந்தது: கருவி தன் பேரைச் சொல்லிவிட்டது, இனி டிரைவர்தான் பாக்கி. டிரைவர் இல்லை என்ற செய்தியைப் படித்து அவ்வளவு மகிழ்ந்தது அன்றுதான்!

டிரைவரை நிறுவச் சொல்லும் ஐஎன்எஃப் கோப்பில் டிஜிட்டல் கையொப்பம் இல்லாததால் 64 பிட் விண்டோஸ் அதை ஏற்கவில்லை. கையொப்பச் சோதனையை அணைத்து அணைத்து மறுதொடக்கம் செய்துகொண்டிருந்த என்னிடம், டிரைவர் நிறுவும் ஜாடிக் என்ற கருவிநிரலைத் திறந்து, விண்டோஸின் பொதுவான யுஎஸ்பி டிரைவரான வின்யுஎஸ்பியைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன தம்பிக்குத் தனி நன்றி. "பொத்தானை அழுத்தும் முன் வெண்டர் ஐடியைப் (தயாரிப்பாளர் எண்ணை) பாருங்க, தவறினா மவுஸோட டிரைவரே மாறிடும்" என்று எச்சரித்ததற்கு இன்னொரு நன்றி. லினக்ஸில் சுடோ (நிர்வாகி அனுமதி) இல்லாமல் ஓட, கருவிகளுக்கு அனுமதி வகுக்கும் யூடெவில் ஒரு வரி விதியையும் எழுதித் தந்தார்.

சிப்பில் ஓடும் வி-யுஎஸ்பியையும், கணினிப் பக்கம் யுஎஸ்பி கருவிகளோடு பேசும் லிப்யுஎஸ்பி நிரலகத்தையும் எழுதி எல்லோருக்கும் திறந்து வைத்தவர்களை நான் பார்த்ததில்லை. யுஎஸ்பி வன்பொருளே இல்லாத எட்டு கால் சிப், நொடிக்கு 15 லட்சம் பிட் வேகத்தில் மென்பொருளாலேயே யுஎஸ்பி பேசுகிறது என்றால் அது அவர்கள் உழைப்பு. அவர்களுக்கும் வணக்கம்.

என் சர்க்யூட் வரைபடத்தில் ஜீனர் பக்கத்தில் 'அரை வாட் மட்டும்' என்று சிவப்பில் எழுதிவிட்டேன். கேட்பவர்களுக்கு அந்தப் பிரதியைத்தான் தருவேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்